3 வெள்ளி மல்லிகையில் உங்கள் பங்கு எவ்வளவு? வங்கிகளுக்கு ஒரு பூக்கடையிலிருந்து திறந்த மடல்

சிங்கப்பூர் வங்கிகள் சங்கத்துக்கும், கடைகளுக்குக் கார்டு இயந்திரம் தரும் எல்லா நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், ஐந்தடிப் பாதையை ஒட்டிப் பூக்கடை வைத்திருக்கிறேன். 19 ஆண்டுகளாக அதே இடம். காலை 6 மணிக்குக் கடை திறந்துவிடும். வேலைக்குப் போகும் வழியில் வீட்டுச் சாமிக்கு ஒரு முழம் வாங்குகிறவர்கள், வீரமாகாளியம்மனுக்கு எலுமிச்சை மாலை கேட்பவர்கள், தலைக்கு வைக்க மல்லிகை வாங்கும் பெண்கள், இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். 2 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 3 வெள்ளி, 5 வெள்ளி என்றுதான் விற்பனை நடக்கும். கல்யாண மாலைக்கு ஆர்டர் வந்தால் ஒரு சோடி 150, 200 வெள்ளி. மாதத்தில் நான்கைந்து தடவை அப்படி வந்தால் அது நல்ல மாதம்.

என் கடையில் இப்போது கார்டு வாங்குவதில்லை. "இந்தக் காலத்தில் கார்டு இல்லையா அக்கா?" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது கேட்கிறார்கள். சிலர் வருத்தத்தோடு கேட்பார்கள். சிலர் கேட்கும் விதத்திலேயே, வருமானத்தை மறைக்கத்தான் இவள் ரொக்கமாக வாங்குகிறாளோ என்ற சந்தேகம் தெரியும். அந்தச் சந்தேகம் என்னைச் சுடுகிறது. நான் கார்டு இயந்திரம் வைத்திருந்தவள். 14 மாதம் வைத்திருந்து, ஒப்பந்தத்தை முறித்ததற்குப் பணமும் கட்டி, திருப்பிக் கொடுத்தேன். மறுபடியும் வைக்க விரும்புகிறேன். எது மாறினால் என்னால் வைக்க முடியும் என்று சொல்லவே இந்த மடல்.

அந்த இயந்திரம் வந்த கதையை முதலில் சொல்கிறேன். தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஓர் இளைஞர் கடைக்கு வந்தார். மரியாதையான பிள்ளை. நான் கட்டிக்கொண்டிருந்த கதம்பத்தை முடிக்கும்வரை நின்று காத்திருந்து பேசினார். அவர் எந்த நிறுவனத்திலிருந்து வந்தார் என்று எழுதப்போவதில்லை. இதே தெருவில் வெவ்வேறு நிறுவனங்களிடம் வாங்கிய நான்கு கடைக்காரர்களை விசாரித்துவிட்டேன், நான்கு பேரும் ஏறத்தாழ ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். "நூற்றுக்கு 3 வெள்ளிதான் அக்கா" என்றார் அந்தப் பிள்ளை. நான் மனக்கணக்குப் போட்டேன். 3 வெள்ளிச் சரத்துக்கு 9 காசு. பூ, நார், பை, வாடகை, மின்சாரம் எல்லாம் போக ஒரு சரத்தில் எனக்கு நிற்பது 60 காசு அளவு. அதில் 9 காசு போனால் போகட்டும், தீபாவளிக் கூட்டத்தில் சில்லறைக்கு அலைய வேண்டாம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்தம் 11 பக்கம், முழுக்க ஆங்கிலம்.

முதல் மாதக் கணக்கு வந்தபோது மகள் படித்துச் சொன்னாள். நூற்றுக்கு 3 என்றது உண்மைதான். அதோடு ஒவ்வொரு விற்பனைக்கும் தனியாக 30 காசு. அதோடு இயந்திரத்துக்கு மாத வாடகை 35 வெள்ளி. யாரும் ஏமாற்றவில்லை, இரண்டுமே ஒப்பந்தத்தில் இருந்தன. 7ஆம் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தன.

கணக்கை உங்கள் முன்னால் அப்படியே வைக்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள். 200 வெள்ளிக் கல்யாண மாலைக்கு நான் கொடுத்தது 6 வெள்ளி 30 காசு. நூற்றுக்கு 3.15. பொறுத்துக்கொள்ளலாம். 3 வெள்ளி மல்லிகைக்கு நான் கொடுத்தது 9 காசும் 30 காசும் சேர்த்து 39 காசு. நூற்றுக்கு 13. அந்த மாதம் கார்டில் 140 விற்பனை நடந்திருந்தது. 35 வெள்ளி வாடகையை 140 ஆல் வகுத்தால் ஒரு விற்பனைக்கு 25 காசு. 39ம் 25ம் 64 காசு. எனக்கு நிற்பது 60. ஆக, கார்டில் விற்ற ஒவ்வொரு 3 வெள்ளிச் சரத்துக்கும் 4 காசை என் கையிலிருந்து போட்டு விற்றிருக்கிறேன். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து, ஈரப் பூவில் விரல் விறைக்க விறைக்கக் கட்டிய சரம் அது.

நூற்றுக்கு 3 என்பதை மட்டும் சொல்லி 30 காசைச் சொல்லாமல் விட்டால், பெரிய கடைக்கு அது சின்ன விஷயம். குளிர்சாதனப் பெட்டி விற்கிறவருக்கு 30 காசு கண்ணில்கூடப் படாது. பூ, தேநீர், வெற்றிலை, செருப்புத் தைப்பது, பொத்தான் மாற்றுவது என்று 5 வெள்ளிக்குள் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு அந்த 30 காசுதான் முழுக் கதையும்.

பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள நான் பிறகு நிறையக் கேட்டுப் படித்தேன். வாடிக்கையாளர் கார்டைத் தட்டியதும் என்னிடமிருந்து கழியும் பணம் மூன்று பேருக்குப் பிரிகிறது. எனக்கு இயந்திரம் தந்து பணத்தை வசூலித்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்று. விசா, மாஸ்டர்கார்டு போன்ற கட்டமைப்பு ஒன்று. வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கி ஒன்று. இதில் பெரும்பங்கு வழக்கமாகக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் புள்ளிகளும் விமான மைல்களும் பெரும்பாலும் அந்தப் பங்கிலிருந்துதான் வருகின்றன. வெளிநாட்டுக் கார்டு என்றால் இன்னும் கூடுதலாகக் கழிகிறது. என் கடையில் கார்டு கேட்பவர்களில் பாதிப் பேர் சுற்றுப்பயணிகள் என்பதால் இது எனக்குப் பெரிய அடி.

இந்தப் பங்கு வானத்திலிருந்து விழுந்த விதி இல்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் சட்டம் கொண்டுவந்து, கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும் பங்குக்கு உச்சவரம்பு வைத்தது. டெபிட் கார்டுக்கு நூற்றுக்கு 0.2, கிரெடிட் கார்டுக்கு 0.3. ஆஸ்திரேலியாவின் மத்திய வங்கி 2003 முதலே இதை ஒழுங்குபடுத்தி வருகிறது. இந்தியாவில் 2020 ஜனவரி முதல் அந்நாட்டின் சொந்தக் கார்டான ரூபே டெபிட் கார்டுக்கும், கைப்பேசி வழி பணம் அனுப்பும் யுபிஐ முறைக்கும் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். அந்த நாடுகளின் நிலைமை வேறு, நம் நிலைமை வேறு, தெரியும். எல்லாம் இலவசமாகக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இயந்திரம் செய்கிறவருக்கும் கூலி வேண்டும், கம்பி இழுக்கிறவருக்கும் கூலி வேண்டும். ஆனால் விலை என்பது மனிதர்கள் உட்கார்ந்து பேசி வைப்பது, பேசி இறக்கவும் முடியும் என்று அந்த நாடுகள் காட்டியிருக்கின்றன. அந்தப் பேச்சில் எங்களைப் போன்ற கடைகளுக்கு ஒரு நாற்காலி வேண்டும்.

"பேநவ் இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. கைப்பேசியிலிருந்து நேராக வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் பேநவ் 2017இல் வந்தது, அடுத்த ஆண்டு பல கட்டண முறைகளுக்கும் ஒரே சதுரக் குறியீடாக (கியூஆர்) எஸ்ஜிகியூஆர் வந்தது. என் கடைத் தூணில் அந்தச் சதுரக் குறியீட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், தினமும் துடைக்கிறேன். உள்ளூர் மக்களில் பாதிப் பேர் அதில்தான் கொடுக்கிறார்கள், நன்றியோடு சொல்கிறேன். அதற்கும் அதற்கே உரிய தொல்லை உண்டு. போன தைப்பூசத்துக்கு முந்தின மாலை, கடை முன்னால் நாற்பது பேர். ஒரு பையன் கைப்பேசித் திரையைத் தூக்கிக் காட்டினான், "அனுப்பிவிட்டேன்" என்றான், 24 வெள்ளிக்கு மாலைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். என் கைப்பேசி பூக்கூடைக்கு அடியில் கிடந்தது. கூட்டம் குறைந்த பிறகு பார்த்தால் அப்படி ஒரு பணமே வரவில்லை. அவன் காட்டியது பழைய படம். அன்றிலிருந்து கைப்பேசியைக் கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொண்டு, மணி ஒலித்த பிறகே பூவைக் கொடுக்கிறேன். கார்டு இயந்திரத்தில் அந்தப் பயம் இல்லை. "ஏற்கப்பட்டது" என்று இயந்திரம் சொன்னால் பணம் வரும் என்ற நிம்மதி இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

பேநவ் எட்டாத ஆட்களும் இருக்கிறார்கள். மலேசியாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறவர்களில் பலர் இங்கே வங்கிக் கணக்கு வைத்திருப்பதில்லை, கார்டுதான் வைத்திருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். போன மாதம் ஒரு பெண்மணி மெல்பர்னிலிருந்து அம்மாவின் திதிக்காக வந்திருந்தார். பெருமாள் கோயிலுக்குத் துளசி மாலை வேண்டும் என்றார். கையில் உள்ளூர்ப் பணம் இல்லை, பணம் எடுக்கும் இயந்திரத்துக்குப் போய் வர நேரம் இல்லை, பூசைக்கு நாழி ஆகிவிட்டது. மாலையைக் கையில் கொடுத்து, "பூசை முடிந்து வந்து கொடுங்கள் அம்மா" என்று அனுப்பினேன். வந்து கொடுத்தார். ஆனால் ஒரு தெருவோரக் கடை எத்தனை பேருக்கு அப்படிக் கடன் கொடுக்க முடியும்?

ரொக்கத்திலும் செலவு இல்லாமல் இல்லை. நாணயத்தை எண்ணிக் கட்டி வங்கிக்குக் கொண்டுபோனால் அதற்கும் கட்டணம் உண்டு. இரவு கல்லாப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது பயம் உண்டு. கார்டும் இலவசமாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்காததற்கு இதுவும் காரணம்.

இயந்திரத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பூக்கடைக்காரியின் கை எப்போதும் ஈரம். சாக்கைப் பிரித்துத் தண்ணீர் தெளித்து, உதிர்ந்ததை அள்ளி, நாரை நனைத்துக் கட்டுகிற கை. அந்த இயந்திரத்துக்குப் பொத்தான் இல்லை, வெறும் கண்ணாடித் திரை. ஈர விரலால் 3 என்று அழுத்தினால் எடுக்காது. இன்னொரு தடவை அழுத்தினால் 33 என்று விழும். முந்தானையில் கையைத் துடைத்து, திரையைத் துடைத்து, அழித்து, மறுபடி அழுத்துவதற்குள் பின்னால் நிற்பவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஒரு நாள் என் கட்டைவிரல் நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் ரசீதுத் தாள் வரும் வாயில் விழுந்தது. அவ்வளவுதான், இரண்டு நாள் இயந்திரம் வேலை செய்யவில்லை. அந்த இரண்டு நாளுக்கும் வாடகை உண்டு. மீன் விற்கிறவர், தேநீர் ஆற்றுகிறவர், மாவு பிசைகிறவர் எல்லாருக்கும் இதே கதைதான். வடிவமைக்கிறவர்கள் ஒரு காலை நேரம் தேக்கா ஈரச்சந்தையில் நின்று பார்த்துவிட்டுப் போய் வடிவமைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என்னை இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தது வேறொரு சம்பவம். ஒருவர் தொலைபேசியில் கல்யாண மாலை ஒரு சோடி கேட்டார், 180 வெள்ளி. "கார்டில் கட்ட இணைப்பு அனுப்புங்கள்" என்றார். நிறுவனம் கொடுத்திருந்த வழியில் அனுப்பினேன், பணம் வந்தது. ரோசாவும் சம்பங்கியும் வைத்து இரண்டு நாள் வேலை. ஓர் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனார். ஏழு வாரம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல். கார்டுக்கு உரியவர் இந்தச் செலவை நான் செய்யவில்லை என்கிறார், பொருளைக் கொடுத்ததற்கு ஆதாரம் அனுப்புங்கள், இத்தனை நாளுக்குள் அனுப்பாவிட்டால் பணம் திரும்பப் பிடிக்கப்படும் என்று எழுதியிருந்தது. மகள் அப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மின்னஞ்சலை அவள் பார்த்தபோது கெடு முடிந்து மூன்று நாள். 180 வெள்ளி என் கணக்கிலிருந்து போயிற்று, விசாரணைக் கட்டணம் என்று மேலும் 20 வெள்ளி போயிற்று.

கார்டை நேரில் தட்டியோ செருகியோ வாங்கினால், அது திருட்டுக் கார்டாக இருந்தாலும் பொதுவாக இழப்பைக் கார்டு கொடுத்த வங்கி ஏற்கும். கார்டு கண்ணெதிரே இல்லாமல் இணைப்பு வழி வாங்கினால், இழப்பு பொதுவாகக் கடைக்காரர் தலையில் விழும். இந்த ஒரு வரி எனக்குத் தெரிந்திருந்தால், "நேரில் வந்து தட்டிவிட்டு மாலையை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அந்த ஆளிடம் சொல்லியிருப்பேன். 200 வெள்ளி போன பிறகு, பக்கத்துக் கடைத் தம்பி சொல்லித்தான் தெரிந்தது. இதைத் தமிழிலும் மலாயிலும் மாண்டரினிலும் ஒரு தாளில் அச்சடித்து இயந்திரத்தோடு கொடுக்க எத்தனை காசு ஆகும்?

பணம் வந்து சேரும் நாளையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மாலையும் சனி, ஞாயிறும் விற்றது செவ்வாய்க்கிழமைதான் என் கணக்குக்கு வந்தது. பூ கொண்டுவருகிறவர் ஒவ்வொரு நாளும் கையில் பணம் வாங்கிக்கொண்டுதான் மூட்டையை இறக்குவார். அவரும் விமானச் சரக்குக்குப் பணம் கட்ட வேண்டும்.

2024 ஜனவரி உங்களுக்கு நினைவிருக்கும். பஸ், ரயில் பயணத்துக்கான பழைய ஈசி-லிங்க் அட்டைகளை நிறுத்திவிட்டு, வாயிலில் மீதியைக் காட்டாத சிம்பிளிகோ முறைக்கு மாற வேண்டும் என்று 9ஆம் தேதி அறிவித்தார்கள். மக்கள் பேசினார்கள். மெட்ரோ வாயிலில் தட்டும்போது எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்கள். என் அக்கா அதையே ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தார். 22ஆம் தேதி அரசாங்கம் முடிவை மாற்றியது. பழைய முறையைத் தொடர 40 மில்லியன் வெள்ளி செலவாகும், பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டது. ஒரு பஸ் பயணத்துக்கு எவ்வளவு கழிகிறது என்று உடனே தெரிய வேண்டும் என்பது நியாயமான ஆசை என்று இந்த நாடு ஏற்றுக்கொண்டது.

எனக்கும் அதே ஆசைதான். வாடிக்கையாளர் தட்டியதும் என் பக்கத்துத் திரையில் "3.00 வெள்ளி. கழிவு 0.39. உங்களுக்கு 2.61" என்று காட்டுங்கள். மாதம் முடிந்து, ஆங்கிலப் பட்டியலில் சுருக்கெழுத்துகளாகக் காட்டாதீர்கள். அந்த நொடியிலேயே காட்டுங்கள். எந்த விற்பனைக்குக் கார்டு கட்டுப்படியாகும், எதற்கு ஆகாது என்று அப்போது எனக்கே தெரிந்துவிடும். அந்த இளைஞர் வந்து நின்றபோது இது திரையில் இருந்திருந்தால், ஒரே ஒரு சரம் விற்றுப் பார்த்திருப்பேன், அவருக்கும் நேரம் மிச்சம்.

10 வெள்ளிக்குக் குறைந்த விற்பனைக்கு அந்தத் தனிக் காசை எடுத்துவிடுங்கள், நூற்றுக்கு இவ்வளவு என்பதோடு நிறுத்துங்கள். நூற்றுக்கு 3 என்றாலும் கொடுக்கிறேன், முகம் சுளிக்காமல் கொடுக்கிறேன். விற்பனை குறைந்த மாதத்தில் இயந்திர வாடகை கேட்காதீர்கள். ஆடி மாதம் கல்யாணமே இருக்காது, அந்த மாதமும் 35 வெள்ளி எங்கிருந்து வரும்? 36 மாதம் கட்டிப்போடும் ஒப்பந்தம் வேண்டாம். பிடிக்காவிட்டால் ஒரு மாத முன்னறிவிப்போடு திருப்பிக் கொடுக்கும் உரிமை வேண்டும். சேவை நன்றாக இருந்தால் நான் ஏன் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்?

2020 ஜூனில் உணவங்காடிக்காரர்களை மின்னிலக்கக் கட்டணத்துக்குக் கொண்டுவர ஒரு திட்டம் வந்தபோது, மாதத்துக்கு 20 பரிவர்த்தனையாவது செய்தவர்களுக்கு மாதம் 300 வெள்ளி வீதம் 5 மாதம்வரை ஊக்கத்தொகை கொடுத்தார்கள். என் கடை அதில் வராது, நான் அதைக் கேட்கவும் இல்லை. சிறிய கடை மாற வேண்டுமானால் அதன் கணக்கைப் புரிந்துகொண்டு பேச வேண்டும் என்று அந்தத் திட்டத்தைப் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டில் 2 வெள்ளிச் சீட்டை வருடினால் (ஸ்கேன் செய்தால்) கடைக்காரருக்கு முழு 2 வெள்ளியும் வந்துசேர்கிறது. என் பக்கத்து மளிகைக் கடையில் எழுபது வயது ஐயா அதைக் கைப்பேசியில் வருடி வாங்குகிறார், ஒருவர் துணையும் இல்லாமல். எங்களால் கற்றுக்கொள்ள முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

உங்கள் கூட்டங்களில் எங்களைப் போன்றவர்கள் ரொக்கத்தை விட மனமில்லாதவர்கள் என்று பேசப்பட்டால், தயவுசெய்து இந்தக் கணக்கை எடுத்து மேசைமீது வையுங்கள். 60 காசு வருமானம், 64 காசு செலவு.

உங்களில் யாராவது நேரில் வந்து பேசினால் மகிழ்வேன். காலை 10 மணிக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது, உட்கார ஒரு முக்காலி இருக்கிறது. இயந்திரம் வைக்க என் வீட்டுக்காரர் அடித்த பலகை கல்லாவுக்கு வலப்பக்கம் அப்படியே இருக்கிறது. மின்செருகியைக்கூட இன்னும் கழற்றவில்லை. இப்போதைக்கு அதன்மேல் நார்க்கட்டு வைத்திருக்கிறேன்.

பணிவன்புடன்,
சிராங்கூன் சாலைப் பக்கத்து ஒரு பூக்கடைக்காரி